திங்கள், வியாழன், பிறகு எல்லா நாளும்

என் மகள் நுஹா நோன்பு பிடிக்கத் தொடங்கியபோது வீட்டில் சந்தேகப்பட்டவன் நான் ஒருவன்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை அல்லாஹ்வுக்காகப் பட்டினி கிடக்க, அதைப் பார்த்து நெற்றியைச் சுருக்கும் வாப்பாவை எந்த ஊரிலும் மெச்ச மாட்டார்கள்.

முதலில் சந்தேகத்துக்கு இடமே இருக்கவில்லை. ரமழானில் விடுபட்ட நாட்களைப் பெண்பிள்ளைகள் பிறகு பிடித்து முடிப்பது வழக்கம். நுஹாவும் பிடித்தாள். அது முடிய, ஷவ்வால் மாதத்து ஆறு நோன்பு என்றாள். அதுவும் முடிய, திங்களும் வியாழனும் நபிவழியில் வந்த சுன்னத்து நோன்பு என்றாள். ஒருநாள் காலையில் பார்க்கிறேன், செவ்வாய்க்கிழமை, அவளுடைய சாப்பாட்டுப் பெட்டி சமையலறை மேசையிலேயே கிடக்கிறது.

"இண்டைக்கி செவ்வாயாச்சே மகள்?"

"நஃபில் நோம்பு வாப்பா." கட்டாயமில்லாத, விருப்பத்துக்குப் பிடிக்கும் நோன்பு.

"யார் செல்லித் தந்த?"

"யாருமில்ல."

அந்த "யாருமில்ல" எனக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொல்லும்போது அவள் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கட்டியிருந்த கயிற்றை.

நான் வெள்ளவத்தையில் காலி வீதியில் கர்ட்டன் கடை வைத்திருப்பவன். உடம்பு கொஞ்சம் தாராளம்; கடைக்குள் முதலில் வயிறு போகும், பிறகு நான் போவேன். ரமழானில் பின்னேரம் அஸர் தொழுகை ஆனதும் துணிச் சுருள்களுக்குப் பின்னால் படுத்துவிடுவேன். வாடிக்கையாளர் வந்தால் வேலைக்காரப் பையன் "முதலாளி வெளிய போயிட்டாரு" என்பான். என் குறட்டை அதை மறுக்கும். அப்படிப்பட்டவனுக்கு இப்படி ஒரு மகளா என்று எல்லோருக்கும் ஆச்சரியம். என் மனைவி பஹ்மிதாவின் நானா, அதாவது அண்ணன், மஜீட், கொட்டாஞ்சேனையில் ஹார்ட்வெயார் வியாபாரி, விசயம் கேள்விப்பட்டு ஒரு வெள்ளிக்கிழமை புதுத் தொழுகை விரிப்போடு வந்து இறங்கினார்.

"மாஷா அல்லாஹ். மச்சான், ஒங்களுக்கு இந்தப் புள்ள கெடச்சது ஒரு பாடம்," என்றார்.

"ஓ மச்சான். நான் வயித்தத் தடவி யோசிச்சிக்கிட்டு ஈக்கன்."

"பகிடி விடாதீங்க. அவகிட்டப் படிச்சிக்கோங்க."

மச்சான் போன பிறகும் எனக்குள் கிடந்தது பாடம் அல்ல, பயம். 2019 ஏப்ரலில் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த பிறகு எங்கள் வீடுகளில் ஒரு புதுப் பயம் குடிவந்தது. பிள்ளை தொழாவிட்டால் கவலை. தொழுதால் நிம்மதி. ஓர் அளவுக்கு மேலே போனால், யார் சொல்லிக் கொடுத்தது, எங்கே, எந்தக் குழுவில் என்று மனம் துருவத் தொடங்கும். இதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொன்னால் ஒரு பக்கத்தார் "நீ முஸ்லிமா?" என்பார்கள், மறுபக்கத்தார் "நாங்க அப்பவே நினைச்சோம்" என்பார்கள். என் மகளை யாரோ ஒருவர் என்னிடமிருந்து மெல்ல மெல்லக் கழற்றி எடுக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. அது யார் என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

உளவு பார்க்கத் தொடங்கினேன்.

ஒருநாள் என் போனில் சார்ஜ் இல்லை என்று பொய் சொல்லி அவள் போனைக் கேட்டேன். உடனே தந்துவிட்டாள். இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை போனை உடனே தருகிறது? அதுவே தப்பாக இருந்தது. திறந்து பார்த்தேன். கணித வீடியோக்கள். பூனை வீடியோக்கள். ஒரு மார்க்கச் சொற்பொழிவுகூட இல்லை. வட்சப்பில் வகுப்புக் குழு இல்லை, விலகியிருந்தாள். தோழிகளோடு கதைத்த கதைகள் எல்லாம் வெறுமை. இவ்வளவு நோன்பு பிடிக்கும் பிள்ளையின் போனில் எதுவுமே இல்லை என்பது, ஏதாவது இருப்பதைவிட மோசமாகத் தோன்றியது. சந்தேகம் பிடித்தவனுக்கு ஆதாரம் இல்லாததும் ஆதாரம்தான்.

அந்தியில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் அவள் ஈத்தம்பழத்தையும் தட்டையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். "தொழுதுட்டுத் தின்றன்." கதவு சாத்தப்படும். தட்டு திரும்பி வரும்போது கழுவித் துடைத்திருக்கும். என் மகள் சொந்த விருப்பத்தில் தட்டுக் கழுவியது வரலாற்றில் இல்லை. அந்தத் தட்டைக்கூட நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

ஒரு மாலை பஹ்மிதா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் பேச்சு வெளியே கேட்காது என்று எங்கேயோ பார்த்திருக்கிறாள். வீட்டில் உளவாளி நான் மட்டும் அல்ல என்று அப்போதுதான் விளங்கியது.

"ஒரு விசயம் செல்லணும். பகிடி விட்டீங்கண்டா செல்ல மாட்டன்."

"விட மாட்டன்."

"நுஹாக்கு இப்ப நோம்பு பிடிக்க ஏலாத நாள்."

"ஏன், சொகமில்லையா?"

அவள் என்னைப் பார்த்தாள். பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இந்த மனிதனுக்கு எதுவும் ஏறவில்லையே என்ற பார்வை. அது ஏற எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஏறியதும் காது சூடாகி, குழாயைக் கொஞ்சம் கூடத் திறந்துவிட்டேன்.

"நெசமாவா?"

"நான்தானே கடையில வாங்கிக் குடுத்த. தொழுகையும் இல்ல. ஆனா நோம்பு மட்டும் ஈக்கிதாம். காலையில கேட்டன், 'ஓ உம்மா, நோம்பு'ண்டு செல்லிட்டுப் போறா. அந்த நாள்ல நோம்பு இல்லண்டு சின்னப் புள்ளைக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாதா?"

முதலில் என் நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது. மார்க்கத்தின் பெயரால் அவளை யாராவது இழுத்துப் போயிருந்தால், முதல் பாடமாக இதைத்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆக, அப்படி ஒருவர் இல்லை. நான் சிரித்தேவிட்டேன். பஹ்மிதா சிரிக்கவில்லை.

"சிரிக்கிறீங்க. அப்ப இந்த நோம்பு யாருக்கு?"

இறங்கிய பாறை இருந்த இடத்துக்கே திரும்ப ஏறியது.

அன்றிரவு நாங்கள் ஆளுக்கொரு சந்தேகத்தைப் பங்கிட்டுக்கொண்டோம். பஹ்மிதா நோய் என்றாள். பிள்ளையின் கழுத்தெலும்பு தெரிகிறது, தலைமுடி சீப்போடு வருகிறது என்றாள். நான் யாரோ ஒரு பையன் என்றேன். ஒல்லியாக இருக்கிறவளைத்தான் பிடிக்கும் என்று சொல்லியிருப்பான், நாசமாய்ப் போவான். அந்த இல்லாத பையனை நான் மனதுக்குள் இரண்டு தடவை அடித்தும் விட்டேன். பஹ்மிதா நேரே போய்க் கேட்டாள்; "ஒண்டுமில்ல உம்மா" என்று பதில் வந்தது. நான் போய், "மகள், வீட்டில அரிசி மிஞ்சுது, எலிக்கெல்லாம் சீனி வருத்தம் வந்திட்டு" என்றேன். அறைக்கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. பலமாக அறைந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

அவளுக்குப் புதன்கிழமை பின்னேரம் டியூசன். கடையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, ஒரு மாடிக் கட்டடம். முகக்கவசம் போட்டு, தொப்பியை இழுத்துவிட்டு, எதிர்ப்பக்கம் நிறுத்தியிருந்த ஒரு காருக்குப் பின்னால் போய் ஒளிந்தேன். ஒளிந்தேன் என்பது என் நினைப்பு. கார் சின்னது. என்னில் பாதி வெளியே நின்றது.

காவற்காரர் நேரே வந்தார். "மாத்தயா, கவுத ஓனெ?"

யார் வேண்டும் என்கிறார். மகளைப் பின்தொடர வந்தேன் என்று எப்படிச் சொல்வது? வாயில் வந்த சிங்களத்தில், எதிர்வீட்டு ஜன்னலைப் பார்க்கிறேன் என்றேன். அது பொய்யும் அல்ல. சும்மா நின்றால் என் கண் தானாக ஜன்னலை அளக்கும். ஆறுக்கு நாலு, இரட்டைத் திரை. ஆனால் பெண்பிள்ளைகள் வரும் டியூசன் வாசலில் முகத்தை மூடிக்கொண்டு நிற்கும் ஓர் ஆண் சொல்லக்கூடிய பதில்களில் இதைவிடக் கேவலமானது இல்லை. அவர் போனை எடுத்தார். நான் முகக்கவசத்தைக் கழற்றி, விசிட்டிங் கார்டை நீட்டி, கர்ட்டன், கர்ட்டன் என்று கையால் இழுத்துக் காட்டினேன். அவர் கார்டையும் என் வயிற்றையும் மாறிமாறிப் பார்த்தார். இப்படி ஒரு உருவம் கெட்ட காரியத்துக்கு ஒத்துவராது என்று நினைத்திருக்க வேண்டும், விட்டுவிட்டார்.

அதற்குள் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். ஒரு கூட்டமாக, ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, சிரித்துக்கொண்டு. அந்தக் கூட்டத்தில் எங்கள் அடுக்குமாடி பிளட்டில் ஐந்தாம் மாடியில் இருக்கும் அபிராமியும் இருந்தாள். நுஹாவோடு பாலர் வகுப்பு முதல் ஒன்றாகப் போகிறவள். நுஹா அந்தக் கூட்டத்தில் இல்லை. எல்லோரும் போன பிறகு தனியாக, சுவரை ஒட்டி வந்தாள். அபிராமி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

பையன் யாரும் வரவில்லை. நுஹா காலி வீதிக்கு வந்து பேக்கரிக்குள் போய், காகிதப் பையோடு வெளியே வந்தாள். பையில் எண்ணெய் ஊறியிருந்தது. மஃரிபுக்கு இன்னும் நேரம் கிடந்தது. மகள் நோன்பு முறிக்கப்போவதைக் கண்டு தெருவில் நின்று அல்ஹம்துலில்லாஹ் சொன்ன முதல் வாப்பா நானாகத்தான் இருப்பேன்.

அவள் நேரே எங்கள் பிளட்டுக்குப் போனாள். லிப்டில் ஏறவில்லை, படியில் ஏறினாள். அந்தப் படியில் யாரும் ஏறுவதில்லை. நானும் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினேன். மூன்றாம் மாடி தாண்டியதும் காலடிச் சத்தம் நின்றது. தலையை மட்டும் நீட்டிப் பார்த்தேன்.

திருப்பத்து மூலையில், சுவரைப் பார்த்து நின்றாள். ஷோலைத் தலைக்கு மேலால் இழுத்து முகத்தைக் கூடாரம்போல மூடியிருந்தாள். அந்தக் கூடாரத்துக்குள் கை போய்ப் போய் வந்தது. அவள் மெல்லவில்லை. விழுங்கினாள். மீன் பொதிந்த மாலுபாண் ஒன்றைப் பிய்த்துப் பிய்த்து, மாத்திரை விழுங்குவதுபோல விழுங்கினாள். மேலே எங்கோ ஒரு கதவு திறந்தது. உடனே மிச்சத்தைப் பைக்குள் திணித்து, வாயைத் துடைத்து, சுவரில் இருந்த மின்மானியை வாசிப்பவள்போல நின்றாள். கதவு மூடியது. அதன் பிறகும் அவள் சாப்பிடவில்லை. நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மேலே ஏறிப் போயிருக்க வேண்டும். பத்துப் படிதான். எனக்கு ஒரு மனிதரிடம் போக ஒரு பகிடி வேண்டும்; அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் எந்தக் கதவையும் தட்டுவேன். அந்த இடத்தில் என் கையில் சப்பாத்து மட்டும்தான் இருந்தது. இறங்கிக் கீழே போய்விட்டேன்.

கீழே லிப்டுக்காக அபிராமி நின்றுகொண்டிருந்தாள். நானும் ஏறினேன். அவள் ஐந்தை அமுக்கினாள். நான் எதையும் அமுக்கவில்லை.

"அபி, நுஹாக்கு என்ன நடந்தது?"

"எனக்குத் தெரியாது அங்கிள்."

"நீ திரும்பிப் பாத்தாயே."

ஐந்தாம் மாடியில் கதவு திறந்தது. அவள் இறங்கவில்லை. கதவு மூடியது. லிப்ட் எங்களோடு சும்மா நின்றது.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க அங்கிள்," என்று அழ ஆரம்பித்தாள். "ஹெவ்லொக் டவுன்ல ஒரு பேர்த்டே பார்ட்டி. நோன்புக்கு முந்தி. அங்க நுஹா சாப்பிடுறப்ப ஒருத்தி போட்டோ எடுத்துட்டா. அத ஸ்டிக்கர் ஆக்கிட்டாங்க."

போனில் காட்டினாள். கன்னம் இரண்டும் புடைத்து, ஒரு கண் பாதி மூடி, உதட்டில் மயோனிஸ் பூசிய என் மகள். தலையில் இரண்டு மாட்டுக் கொம்பு வரைந்திருந்தது. கீழே "இன்னும் இருக்கா?" என்று எழுதியிருந்தது. அந்தக் கன்னம் என் கன்னம். பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.

"குரூப்ல யார் என்ன சாப்பாடு போட்டாலும் அந்த ஸ்டிக்கர்தான் வரும். நுஹா லெஃப்ட் ஆயிட்டா. ஆனா ஸ்கூல்ல போன் இல்லையே, அதனால..." அவள் தன் கன்னங்களை ஊதிக் காட்டினாள். "இன்டர்வெல்ல நுஹா பெட்டியத் திறந்தா எல்லாரும் இப்படிச் செய்வாங்க. சத்தமே இருக்காது. சும்மா ஊதிக்கிட்டுப் பார்ப்பாங்க. டீச்சருக்குத் தெரியாது. ரமழான் வந்ததும் நின்னுச்சு. முடிஞ்சதும் மறுபடி ஆரம்பிச்சாங்க. அப்ப நுஹா, நான் நோன்புன்னா. உடனே விட்டுட்டாங்க. ஸொரி கூடச் சொன்னாங்க. அவங்களும் நோன்பு பிடிக்கிறவங்கதானே."

நான் கையை நீட்டி அவள் போனின் திரையை அணைத்தேன்.

"நானும் ஒருநாள் ஊதினேன் அங்கிள்," என்றாள். "எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. நான் ஊதலைன்னா அடுத்து நான்தான்."

அவள் தலையைத் தடவினேனா, திட்டினேனா என்று நினைவில்லை. இரண்டுக்கும் நடுவே ஏதோ செய்தேன்.

பஹ்மிதாவிடம் சொன்னதும் அவள் அடுப்பை அணைத்து, அபாயாவைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனாள். பாடசாலை மூடி எவ்வளவோ நேரம். கதவை மறித்து நின்றேன். இந்த உடம்பால் வீட்டுக்குக் கிடைத்த ஒரே பயன் அதுதான்.

"அவகிட்டக் கேக்காமப் போகக் கூடா," என்றேன். "நாங்க போய்ட்டு வந்த பொறகு அந்த வகுப்புல ஈக்கப் போறது அவதான்."

"கேட்டா வாணாம்ண்டுதான் செல்லுவா."

"அப்பவும் கேக்கணும்."

அடுத்த நாள் பாடசாலை விட்டதும் கடை வேனில் போய் அவளை ஏற்றினேன். முன்சீற்றில் சாம்பிள் புத்தகங்கள் இருந்ததால் பின்னால் ஏறித் துணிச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்தாள். கடலோர மெரின் டிரைவில் தண்டவாளப் பக்கமாக வேனை நிறுத்தி, தள்ளுவண்டிக்காரனிடம் இறால் வடை இரண்டு வாங்கி, பின்னால் நீட்டினேன்.

"நோம்பு வாப்பா."

"சரி." பொட்டலத்தை அவள் பக்கத்தில் வைத்தேன். "மகள், நான் ஸ்டிக்கரப் பாத்த."

ஒரு ரயில் போனது. அது போய் முடியும்வரை இருவரும் அதைக் காரணம் காட்டிச் சும்மா இருந்தோம்.

"அபி செல்லினாளா?"

"இல்ல, லிப்ட்..." என்று தொடங்கி நாக்கைக் கடித்தேன். "ஓ. அபிதான்."

"ஒங்களுக்கும் சிரிப்பு வந்ததா?"

"இல்ல."

"நெசமா?"

"அது என்ட மூஞ்சி மகள். எனக்கு என்னத்துக்குச் சிரிப்பு வருது?"

சுருள்களுக்கு உள்ளேயிருந்து வந்தது குரல். "இப்ப யார் பாத்தாலும் திங்க ஏலாம ஈக்கி வாப்பா. அவங்க மட்டுமில்ல. உம்மா பாத்தாலும். நீங்க பாத்தாலும். வாய்ல வச்ச ஒடனே கன்னம் பெருசாகிற மாதிரி ஈக்கி. கண்ணாடியில பாத்தன், பெருசில்ல. ஆனா பெருசாத்தான் ஈக்கி." மூக்கை உறிஞ்சினாள். "பொய் நோம்புக்கு அல்லாஹ் கோவிப்பானா?"

"எனக்குத் தெரியா. மஜீட் மாமாட்டக் கேட்டா ஒரு மணித்தியாலம் கதைப்பாரு," என்றேன். "ஆனா கோவிச்சாலும் அது ஒன்னோட ஈக்காது."

கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு காகிதம் ஒரு தடவை கசங்கியது. நின்றது.

"வாப்பா. அந்தக் கண்ணாடி."

மேலே பார்த்தேன். பின்னோக்கும் கண்ணாடியில் அவள் கண் தெரிந்தது. அதைப் பிடித்துக் கூரைப் பக்கமாகத் திருப்பிவிட்டேன். பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் மடக்கினேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு வடையின் ஓரம் நொறுங்கும் சத்தம். பிறகு மெல்லும் சத்தம். விழுங்கவில்லை, மென்றாள். சங்கீதம் தெரியாதவன் நான். அந்தச் சத்தத்துக்கு மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

"நாளைக்கி உம்மா ஸ்கூலுக்கு வரட்டும்," என்றாள் வாயில் வடையோடு. "அதிபர்ட்ட மட்டும் கதைக்கட்டும். வகுப்புக்குள்ள வர வாணாம். நீங்க வர வாணாம்."

"நான் ஏன் வாணாம்?"

"நீங்க பகிடி விடுவீங்க."

"சரி. நான் வேன்லயே ஈக்கன்."

"ஓ." காகிதம் மறுபடி கசங்கியது. இரண்டாவதும் முடிந்துவிட்டது என்று சத்தத்திலேயே தெரிந்தது. "இன்னொண்டு வாங்குங்க வாப்பா. ஆனா திரும்பி வரக்குள்ள இஞ்ச பாக்க வாணாம்."

இறங்கிப் போய் வாங்கினேன். திரும்பி வர வேண்டும்; வேனோ நேர் எதிரே, பின்கதவு கண்ணாடிக் கதவு. வேறு வழி தெரியவில்லை. முகத்தை வடை வண்டிப் பக்கம் வைத்துக்கொண்டு பின்னால் பின்னால் நடந்தேன். நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு மனிசி குழந்தையை இழுத்து அப்பால் கொண்டுபோனாள். வண்டிக்காரன் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி என்னையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். என் முதுகு வேனில் முட்டியது. பொட்டலத்தைப் பிடித்திருந்த கையை முதுகுக்குப் பின்னால், திறந்திருந்த ஜன்னலுக்குள் நீட்டினேன். கொஞ்ச நேரம் அது என் கையிலேயே இருந்தது. பிறகு யாரோ அதை வாங்கிக்கொண்டார்கள்.